எனக்கென்று எடுத்த கறுப்புத் தரை

என் தம்பி பொண்டாட்டிக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவளைக் கண்டால் ஆகாது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் லயத்திலிருந்து கீழ் லயம் வரை எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனாலும் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் தம்பியின் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பதுளைக்குப் போனோம். பாத்ரூமுக்குத் தரை டைல் எடுக்க. என் பாத்ரூமுக்கு. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரகல சந்தியிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். தம்பி வீட்டுக்குக் கீழே, மலை சட்டென்று சரிகிற ஓரத்தில், ஒரு சின்ன வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வீடு என்றால் ஒரே அறை. பலகைச் சுவர், தகரக் கூரை, முன்னால் இரண்டு நாற்காலி போடுகிற அளவுக்கு ஒரு மேடை, பின்னால் ஒட்டினாற்போல் ஒரு பாத்ரூம். பனி மூடாத நாளில் அங்கே நின்றால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். "அக்கா, ஒங்களுக்குன்னு ஒரு காம்பரா கட்டுறேன். இனி வந்து நிம்மதியா இருங்க" என்று தம்பி குவைத்துக்குப் போன் பண்ணிச் சொன்னான். நான் அனுப்பிய காசில்தான் கட்டினான். அதைப் பெரிதாகப் பேச நான் வரவில்லை. நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பாத்ரூம் தரைய மட்டும் நான் வந்து தெரிஞ்செடுக்கிறேன். நீ அதுல கை வைக்காத."

பாத்ரூமில் அப்படி என்ன கிடக்கிறது என்று கேட்பீர்கள். ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கிற லயத்தில் வளர்ந்த பொம்பளையைக் கேட்டுப் பாருங்கள். வயதுக்கு வந்த நாளிலிருந்து பீலியடியில், மலைத் தண்ணீர் குழாயாக விழுகிற பொது இடத்தில், நெஞ்சுக்கு மேலே பாவாடையைக் கட்டிக்கொண்டு, மேட்டுப் பாதையில் யார் போகிறார்கள் என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே குளித்தவள் நான். பனிக்காலத்தில் அந்தப் பீலித் தண்ணீர் எலும்பு வரைக்கும் குத்தும். கக்கூசுக்கு வரிசை. உள்ளே போய்க் கொஞ்சம் தாமதமானால் வெளியே நிற்கிறவள் கதவைத் தட்டி, "தூங்கிட்டியாடி?" என்பாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு குளிக்க நாலு சுவர் கிடைத்தது. ஆனால் அது துணி துவைக்கிற மிஷினும் அழுக்குக் கூடையும் நிற்கிற அறை. நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டுப் பிள்ளைகள் கதவை இடித்துத் திறந்து அழுக்குச் சட்டையை என் மேலேயே எறிவார்கள்.

மேடத்தின் பாத்ரூம் வேறு. அதன் தரை கறுப்பு. முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கிற கறுப்பு. அவள் குளித்து முடித்ததும் நான் உள்ளே போய் முழங்கால் போட்டு, வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் தேய்த்து எடுப்பேன். முடித்துவிட்டு எழுந்து பார்த்தால் மேலே எரிகிற விளக்கு அப்படியே தரையில் கிடக்கும். அந்த அழகை மேடம் ஒரு நாளாவது குனிந்து பார்த்திருப்பாளா? எங்கே பார்க்கப் போகிறாள். நான்தான் பார்த்தேன். ஒரு நாளைக்கு இந்த மாதிரி ஒரு தரை எனக்கு இருக்கும், நான் மட்டும் அதில் கால் வைப்பேன், நான் குளித்ததை நானே துடைப்பேன் என்று அங்கே முழங்காலில் இருந்தபடியே முடிவு செய்துகொண்டேன். பைத்தியக்கார ஆசை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் போங்கள்.

கட்டின இடம் தம்பி பொண்டாட்டி பேரில் இருந்தது. தோட்டத்தில் பேர் உள்ளவர்களுக்குத்தான் வீட்டுக்கு மண் பிரித்துக் கொடுத்தார்கள். செக்ரோலில், தோட்டத்து ஆட்களின் பேர்ப் பதிவில், என் பேரும் ஒரு காலத்தில் இருந்தது. குவைத்துக்குப் போனதும் வெட்டிவிட்டார்கள். தம்பி ஆட்டோ ஓட்டுகிறவன், அவனுக்கும் பேர் இல்லை. அவள் மட்டும் இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறாள். அதனால் மேலே அவர்கள் இருக்கிற வீடும் அவளுடையது, கீழே சரிவு வரைக்கும் உள்ள மண்ணும் அவளுடையது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. மண் அவளுடையதாக இருக்கட்டும், மேலே எழும்புகிறது என்னுடையது என்று இருந்தேன். தம்பி சொல்லியிருக்கிறானே என்று இருந்தேன். ஊருக்கு வந்ததிலிருந்து அவர்கள் குசினியில்தான், அடுப்புக்குப் பக்கத்தில், பாய் விரித்துப் படுத்தேன். கொஞ்ச நாளைக்குத்தானே என்று பொறுத்துக்கொண்டேன்.

பதுளையில் டைல் கடை வைத்திருந்தவர் வயதான ஒரு முஸ்லிம் நானா. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் வெறுங்கண்ணால் பார்க்கிற மனுஷன்.

"வாங்க தங்கச்சி, உள்ள வாங்க. சுவருக்கா, தரைக்கா?"

"தரைக்கு. பாத்ரூம்."

வெள்ளை காட்டினார், பால் நிறம் காட்டினார், கருங்கல் மாதிரி சொரசொரவென்று ஒரு சாம்பல் காட்டினார், மரப்பலகை மாதிரி அச்சடித்த ஒன்றைக் காட்டினார். ஆற்றுக் கூழாங்கல்லை வலையில் ஒட்டினது ஒன்றும் இருந்தது. தம்பி அதைப் பார்த்ததும் மயங்கிவிட்டான்.

"அக்கா, இது நல்லா இருக்குக்கா. இப்ப எல்லா எடத்திலயும் இதத்தான் போடுறாங்க."

"ஆத்துல குளிக்கவாடா குவைத்துல இருந்து வந்தேன்? கால்ல குத்தும். இடுக்குல பாசி புடிக்கும். வை கீழ."

அவன் வைத்துவிட்டான். அவன் பொண்டாட்டி அந்தச் சாம்பல் டைலை விரலால் தடவிப் பார்த்தாள். "அண்ணி, இது வழுக்காது போல இருக்கு. அழுக்கும் அவ்வளவா தெரியாது" என்றாள்.

"அழுக்கு தெரியாத தரை அழுக்கா இருக்கிறவங்களுக்கு" என்றேன்.

நானா இருமுகிற மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு நன்றாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், அவள் முகம் சுண்டும்போதெல்லாம் குளிரில் சூடான தேத்தண்ணீர் ஒரு வாய் குடித்த மாதிரி எனக்கு இருக்கும்.

அப்போதுதான் கறுப்பைப் பார்த்தேன். கடையின் பின்பக்கச் சுவரில், அடுக்கி வைத்த பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒன்று சாய்ந்து நின்றது. அதே கறுப்பு. அதே பளபளப்பு. தூசி படிந்திருந்தது. முந்தானையால் ஒரு துடை துடைத்தேன். என் முகம் தெரிந்தது.

"நானா, இது வேணும்."

"அத சுவருக்குத்தான் எடுப்பாங்க தங்கச்சி. தரைக்குப் போட்டா தண்ணி பட்டதும் சறுக்கும். ஒரு துளி விழுந்தாலும் திட்டுத் திட்டாத் தெரியும். விக்கிறவன் நானே சொல்றேன், வேணாம்."

"எனக்கு இதுதான் வேணும்."

தம்பி பொண்டாட்டி என் பக்கத்தில் வந்து நின்றாள். வழக்கமாக அவள் என் பக்கத்தில் வரமாட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அண்ணி, இத சுத்தமா வச்சிக்க ஏலுமா? ஒவ்வொரு தடவையும் தொடைக்கணுமே."

தம்பியும் என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாணி மெழுகின தரையில் பிறந்தவள் எனக்கு டைல் பற்றிச் சொல்லித் தருகிறாளே என்று நினைத்தேன்.

"ஒனக்கு ஏலாது. எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? காலம் பூரா இதத்தானே செஞ்சேன். எனக்கு லேசு."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப இதையே போட்டுருங்க நானா" என்றான் தம்பி. அவ்வளவு சீக்கிரத்தில் அவன் எதற்கும் சரி சொல்லி நான் பார்த்ததில்லை. நான் எதைக் கேட்டாலும் தலையைச் சொறிகிறவன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருக்கிறவளுக்கு எங்கே உறைக்கும்? திரும்பி வருகிற வழி முழுக்க அவள் டைல் பெட்டிகளைக் காலடியில் அடுக்கி, முழங்காலை மடக்கிக்கொண்டு குறுகி உட்கார்ந்து வந்தாள். நான் வேண்டுமென்றே கொஞ்சமும் நகர்ந்து கொடுக்கவில்லை.

தரை போட அப்புத்தளையிலிருந்து ஒரு மேசன் பாஸ் வந்தார். சிங்கள மனுஷன். தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார், ஆனால் கை சுத்தம். தம்பி ஆட்டோவோடு போய்விட்டான். அவள் விடியற்காலையே, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்விட்டாள். நான்தான் பக்கத்தில் நின்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பாஸ் தண்ணீர் ஓடுகிற வாட்டம் பார்த்து, நூல் பிடித்து, ஒவ்வொன்றாக வைத்து அமுக்கிக்கொண்டு வந்தார். ஒரு மூலை முடிந்ததும் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டார். கறுப்பு அப்படியே எழுந்து பளிச்சென்று நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளி மனுஷன் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

பாஸ் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "அக்கா, இது சரியா வழுக்கும். டூரிஸ்ட் விழுந்தா கரைச்சல்."

"எந்த டூரிஸ்ட்?"

"இது கபானா தானே, வாடகைக்கு விடுற? தம்பி போர்டு எல்லாம் எழுதக் குடுத்திருக்கு. வெள்ளக்காரங்க வருவாங்க, கொழும்பு ஆளுங்க வருவாங்க."

நான் சிரித்தேன். "நீங்க வேற எடத்த நெனச்சிக்கிட்டுப் பேசுறீங்க பாஸ். இது நான் இருக்கப் போற வீடு."

"அப்பிடியா" என்றார். ஆனால் அந்த மனுஷன் அப்போது முகத்தை வைத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதில்தான் எனக்கு விளங்கியது. என்னைப் பார்த்துப் பாவப்பட்டார். நாட்கூலிக்கு வந்த பாஸுக்குத் தெரிந்திருக்கிறது. போர்டு எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. மேல் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், பீலியடியில் பேசிச் சிரித்திருப்பார்கள். வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டு நின்ற எனக்கு மட்டும் தெரியாது. அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொன்னேன். பாஸ் தலை நிமிராமல் அடுத்த டைலை எடுத்தார்.

பொழுது சாய்ந்து இரண்டு பேரும் வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே கேட்டேன்.

"அத யாருக்குடா கட்டுற?"

தம்பி ஆட்டோச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். "ஒங்களுக்குத்தான்க்கா."

"அப்ப போர்டு எதுக்கு?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். எப்போதும் அப்படித்தான், கஷ்டமான பேச்சு வந்தால் பொண்டாட்டியைப் பார்ப்பான். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஒங்க பொறுப்புலதான் அண்ணி" என்றாள். "வர்றவங்களப் பாத்துக்கிறது, கழுவுறது, தொடைக்கிறது. இந்த வயசுல இனி கொழுந்துக்கா போகப் போறீங்க? வீட்டோட இருந்து பாத்தாப் போதும்."

"நான் எங்க படுக்கிறது?"

"குசினியில நல்லா சூடா இருக்குமே."

அதற்குப் பிறகு நான் பேசினதை எல்லாம் இங்கே எழுத முடியாது. அவள் பிறந்த வீட்டை இழுத்தேன். அவள் நடையை இழுத்தேன். அவளுக்கு இத்தனை காலமாக ஒரு பிள்ளை தங்கவில்லையே, அதையும் இழுத்து, இப்படி நாசமான வயிற்றில் எது தங்கும் என்று கேட்டேன். எங்கே குத்தினால் நோகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் குத்தினேன்.

அவள் அழவில்லை. சுண்ணாம்பு விரலைச் சுவரில் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "கடையில வச்சிக் கேட்டேன்ல அண்ணி? சுத்தமா வச்சிக்க ஏலுமான்னு கேட்டேன்ல? லேசுன்னு நீங்கதான் சொன்னீங்க. நெர எடுத்தவதான் மேல வரைக்கும் போகணும். அது இப்ப ஒங்க நெர."

கொழுந்து மலையில் காலையில் ஆளுக்கொரு நிரை. செடி வரிசையைத்தான் நிரை என்போம். எடுத்தவள் அடியிலிருந்து உச்சி வரை அதைப் பறித்து முடிக்க வேண்டும். பாறையாக இருந்தாலும் சரி, அட்டை நெளிகிற பள்ளமாக இருந்தாலும் சரி, அது அவளுடையது. பக்கத்து நிரைக்காரி கை நீட்டமாட்டாள். பாதியில் விட்டால் கங்காணி தோட்டம் கேட்க ஏசுவார். கொழுந்துக்குப் போன காலத்தில் நானும் எத்தனையோ பேரை மோசமான நிரையில் மாட்டிவிட்டு, மேலே ஏறி நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்திருக்கிறேன். கடையில் அவள் கேட்டதைக் கரிசனம் என்று நினைத்தேனே, கரிசனமாவது மண்ணாவது. எல்லார் முன்னாலும் வைத்து எனக்கு நிரை கொடுத்திருக்கிறாள். நானும் வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

போய்விடலாம் என்று நினைத்தேன். எங்கே போவது? எங்கள் பழைய லயத்துக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. ஏஜென்சிக்காரனைக் கேட்டேன், ஒங்க வயசுக்கு இனி அங்க எடுக்க மாட்டாங்க அக்கா என்று போனை வைத்துவிட்டான். அதனால் இருந்தேன். போர்டு வந்தது. இரண்டு நாற்காலி வந்தது. சுடுதண்ணீர் மிஷினைப் பொருத்தினார்கள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

பாஸ் சொன்னது சரிதான், தண்ணீர் பட்டால் அந்தத் தரை வழுக்கிற்று. வந்தவர்களில் ஒரு பொம்பளை வழுக்கிச் சுவரைப் பிடித்துத் தப்பினாள். அன்றையிலிருந்து, ஒருவர் குளித்து வந்ததும் அடுத்தவர் போவதற்கு முன்னால் தரையைக் காய வைக்க வேண்டும் என்று தம்பி சட்டம் போட்டான். நான் துணியோடு பின்பக்கத்தில் நிற்பேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நிற்கும். கதவு திறக்கும். துவாயைச் சுற்றிக்கொண்டு யாராவது என்னைத் தாண்டிப் போவார்கள். நான் உள்ளே போய் முழங்கால் போடுவேன். முடி, சோப்பு நுரை, துப்பின பற்பசை, கால் மண். கறுப்பில் எதுவும் தப்பாது. மழையிலும் பனியிலும் அப்படியே. அவர்கள் எல்லாரையும் மனதுக்குள் சபித்துக்கொண்டே துடைத்தேன். நன்றாகக் கால் கை உடைய விழுங்கள் என்று கூடச் சபித்தேன். யாரும் விழவில்லை, அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறேன்.

ஒரு தடவை கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மாள் பாத்ரூம் வாசலில் நின்று போனில் படம் எடுத்தாள். "என்ன அழகு! இந்தத் தரை யாரோட செலக்ஷன்?" என்று கேட்டாள். தமிழ்க்காரிதான். நான் கையில் துணியோடு நிமிர்ந்தேன். வந்தவர்களில் அந்தத் தரையைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னவள் அவள் ஒருத்திதான். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற தம்பி பொண்டாட்டி பதில் சொல்லிவிட்டாள்.

"நாந்தாங்க மேடம். பதுளைக்குப் போயி கடை கடையாத் தேடி எடுத்தேன்."

வீட்டைப் பறித்தபோது கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அன்றைக்கு அவளுக்கென்று மூடி வைத்திருந்த கறியில் கைநிறைய உப்பைக் கொட்டிக் கலக்கினேன். அவள் ஒரு வாய் வைத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சோற்றைப் பிசைந்து கடைசி வரைக்கும் தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள். அதிலும் அவள்தான் ஜெயித்தாள்.

பிறகு மழை பிடித்தது. எங்கள் பக்கத்தில் மழை பிடித்தால் விடாது. பெரகல தாண்டிக் கீழே போகிற பாதையில் மண் சரிந்து விழுந்து போக்குவரத்து நின்றது. வருவதாகச் சொன்னவர்கள் எல்லாம் போன் பண்ணி வேண்டாம் என்றார்கள். கபானா பூட்டியே கிடந்தது. தம்பி ஆட்டோவை நிறுத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே சுற்றினான். அவளுக்கும் மலையில் வேலை இல்லை. மூன்று பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக்கொண்டு கிடந்தோம். குளிரென்றால் அப்படி ஒரு குளிர். குசினியில் பாய் கூட நசநசவென்று ஈரம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அதுவரைக்கும் அந்தப் பாத்ரூமில் நான் ஒரு நாள் கூடக் குளித்ததில்லை. துடைத்திருக்கிறேனே தவிர ஒரு செம்புத் தண்ணீர் என் மேலே ஊற்றினதில்லை. பீலியில்தான் குளித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தம்பியிடம் கேட்டேன்.

"ஒருக்கா சுடுதண்ணியில குளிச்சிக்கிறேன்டா. ஆளுதான் இல்லையே. சாவியத் தா."

அவன் வழக்கம் போல அவளைப் பார்த்தான். அவள் மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன், அதற்கு என்ன திருப்பிச் சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன். "குளிக்கட்டும்ங்க" என்றாள். "குளிச்சிட்டு வழிச்சித் தொடைச்சிருங்க அண்ணி."

போனேன். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். விளக்கைப் போட்டேன். சுத்தமாகக் காய்ந்து கிடந்த அந்தத் தரையில் செருப்பில்லாமல் நடுவில் போய் நின்றேன். சில்லென்று இருந்தது. குழாயைத் திறந்தேன். சுடுதண்ணீர் தலையில் விழுந்து, முதுகில் இறங்கி, காலுக்குக் கீழே ஓடியது. யாரும் மேட்டுப் பாதையில் நின்று பார்க்கவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. சேலை துணி ஒன்றும் இல்லாமல் நின்று குளிப்பது எவ்வளவு சுகம் என்று இந்த வயதில்தான் தெரிந்தது. தலைக்குச் சோப்புப் போட்டேன். நுரை தரையில் விழுந்து வெள்ளை வெள்ளையாக ஓடுவதைப் பார்த்தேன். ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்தது. நான் நினைத்தது சரிதான், எடுத்தது சரியான தரைதான் என்று சத்தமாகவே சொன்னேன். கோபமெல்லாம் கூடக் கொஞ்சம் இறங்கிவிட்டது. மழை விடும் வரைக்கும் இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்று தம்பியிடம் கேட்டால் என்ன, கேட்டால் தருவான் என்று தோன்றியது. பிறகு நிரந்தரமாகவே கேட்கலாம். அவன் மோசமான பிள்ளை இல்லை, அவள் பேச்சைக் கேட்டு ஆடுகிறான், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அப்போது வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவுகள் திறந்து மூடின. குடையை மடக்குகிற சத்தம், பிள்ளை ஒன்று அழுகிற சத்தம். பாதை அடைத்திருக்கிறது, பெரகலயில் பொலிஸ் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஒரு இரவுக்கு இடம் கிடைக்குமா என்று ஒரு ஆண் குரல் கேட்டது. கெடைக்கும் சேர், வாங்க வாங்க என்று தம்பி ஓடி வந்தான். அறைக் கதவைத் திறந்து அவர்களை உள்ளே விட்டான். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

பொம்பளைக் குரல் ஒன்று பாத்ரூம் கதவுக்குப் பக்கத்திலேயே கேட்டது. "உள்ள தண்ணிச் சத்தம் கேக்குதே. ஏற்கெனவே யாரும் இருக்காங்களா?"

பதிலுக்கு நானும் காத்துக்கொண்டு நின்றேன். என் அக்கா குளிக்கிறாங்க, இப்ப வந்துருவாங்க என்று சொல்வான். வேறு என்ன சொல்ல முடியும்?

"இல்லீங்க மேடம், யாரும் இல்ல" என்றான் தம்பி. "வேலைக்காரம்மா உள்ள கழுவிக்கிட்டு இருக்காங்க. இந்தா முடிஞ்சிரும்."

அதைத் தம்பி பொண்டாட்டி சொல்லியிருந்தால் என் கதையே வேறு. அப்படியே நுரையோடு கதவைத் திறந்துகொண்டு போய் அவள் மயிரைப் பிடித்திருப்பேன். வந்தவர்கள் மழையோடு மழையாக ஓடியிருப்பார்கள். ஆனால் சொன்னது அவன். தடுமாறவில்லை, குரல் தாழவில்லை. முன்னாலும் பல பேரிடம் சொல்லிப் பழகின மாதிரி சொன்னான். கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். இந்த வாயில் சத்தம் வராத நாள் அது ஒன்றுதான்.

குழாயை மூடினேன். பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். மூலையில் கிடந்த துணியை எடுத்து, முழங்கால் போட்டு, சுவரோரத்திலிருந்து துடைக்கத் தொடங்கினேன். துடைத்த இடத்திலேயே என் தலையிலிருந்து நுரை சொட்டியது. மறுபடி துடைத்தேன். மறுபடி சொட்டியது.

"அவசரப்படுத்தாதீங்க, பாவம்" என்று வெளியே அந்தப் பொம்பளை தம்பியிடம் சொன்னாள். நல்ல மனுஷி போல. "நல்லாக் கழுவட்டும். நாங்க நிக்கிறோம்."

நான் நன்றாகக் கழுவினேன்.